ஒரு கால் மட்டும் வீங்கினால் எம்.ஆர்.ஐ. எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 44. சில வாரங்களாக இடது கால் மட்டும் தொடைவரை வீங்குகிறது. டாப்ளர் ஸ்கேனில் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட்) காலில் ரத்தக்கட்டி இல்லை என்று வந்த பிறகும், மருத்துவர் எம்.ஆர். வெனோகிராம் (சிரைகளைப் படம்பிடிக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்) எடுக்கச் சொல்கிறார். வெரிகோஸ் வெயின் (காலில் சிரை புடைத்துச் சுருளும் நோய்) உள்ள என் நாத்தனாருக்கு டாப்ளரே போதும் என்றார்கள். எனக்குச் சர்க்கரை நோயும் உண்டு. இந்தப் பரிசோதனை அவசியமா?
– வாசகி, செம்பூர், மும்பை

பதில்: அவசியம்தான். நாத்தனாருக்குச் சிக்கல் காலின் சிரை வால்வுகளில். ரத்தம் கீழ்நோக்கித் திரும்புவதை நிற்க வைத்து டாப்ளரில் பார்த்துவிடலாம், படுத்தபடி எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் அது சரியாகத் தெரியாது. அவர் அதற்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

உங்களுக்கோ வீக்கம் தொடைவரை, அதுவும் இடப்பக்கம் மட்டும் இருப்பதால், அடைப்பு இடுப்புக்குள் இருக்கலாம் என்று மருத்துவர் ஐயப்படுகிறார். அங்கே குடல் வாயு மறைப்பதால் டாப்ளர் பல நேரங்களில் தடுமாறும். இடது காலின் ரத்தத்தை இடுப்பு வழியே மேலே கொண்டுசெல்லும் இடது இலியாக் சிரை, வலது காலுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் வலது இலியாக் தமனிக்கும் முதுகெலும்புக்கும் நடுவே நசுங்குவதுண்டு. 1957-இல் இதை விவரித்த மே, தர்னர் இருவரின் பெயரே இந்நிலைக்கு வழங்குகிறது. கருப்பை நார்க்கட்டியும் சிரையை அழுத்தலாம். சிரையையும் அதை அழுத்துவதையும் ஒருங்கே காட்டுவதுதான் எம்.ஆர்.ஐ.யின் தனிப் பலன். ஆனால், எந்தத் தொல்லையும் இல்லாத பலருக்கும் அந்த இடத்தில் ஓரளவு நசுக்கம் தெரியும் என்பதால், ரிப்போர்ட்டில் 'நசுக்கம்' என்று பார்த்ததும் ஸ்டென்ட் (சிரையை விரித்துவைக்கும் வலைக்குழாய்) வரை கவலைப்பட வேண்டாம்.

இதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. ஊசி போடாமலும் எடுக்கலாம். ஆனால் மெதுவாக ஓடும் ரத்தம் சில சமயம் ரத்தக்கட்டிபோலத் தோன்றி ஏமாற்றுவதால், படத்தைத் தெளிவாக்கும் கடோலினியம் மருந்தை ஊசி வழியே செலுத்துவதுண்டு. சிறுநீரகம் மிகவும் பழுதடைந்த சிலருக்கு, குறிப்பாகப் பழைய வகை கடோலினியத்தால், தோல் இறுகும் அரிய நோய் வந்திருக்கிறது. சர்க்கரை உள்ள நீங்கள் ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்து, அதிலிருந்து கணக்கிடும் இ.ஜி.எப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் திறனின் அளவு) 30-க்குக் கீழ் இருந்தால் ஸ்கேன் மையத்தில் முன்கூட்டியே சொல்லுங்கள். பேஸ்மேக்கர், காதுக்குள் பொருத்திய கருவி இருந்தாலும் அப்படியே. மெட்டி, ஊக்கு, தாலிச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். மனம் ஒப்பாதவர்கள் அன்றைக்கு மட்டும் வெறும் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு போகிறார்கள். டாப்ளர் ரிப்போர்ட்டையும் கொண்டுபோங்கள்.

இதற்கிடையில் திடீரென மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ, ஸ்கேன் தேதிக்குக் காத்திராமல் உடனே சயானிலோ அருகிலோ உள்ள பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் சென்றுவிடுங்கள்; சிரையில் உருவான ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கக்கூடும்.