ஆய்வுகூட வேலை என்றால் ரத்தம் எடுப்பது மட்டுமா?

தங்கச்சி, மருத்துவபீடம் கிடைக்காவிட்டால் ஆய்வுகூடப் பக்கம் போகலாமா, அது வெறும் ரத்தம் எடுக்கிற வேலைதானா என்று கேட்டிருந்தீர்கள். இல்லவே இல்லை. கண்ணாடித் தட்டில் சாயமேற்றி மலேரியா ஒட்டுண்ணியைத் தேடுவது, கிருமியை வளர்த்து எந்த அன்டிபயோட்டிக் அதற்கு எதிராக வேலை செய்யும் என்று பார்ப்பது, ரத்தம் ஏற்றுமுன் பொருத்தம் சோதிப்பது எல்லாம் இவர்கள் வேலை. டெங்குக் காலத்தில் பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் நுண்கூறுகள்) எண்ணிக்கை பிழையாகிவிட்டால் என்னாகும், யோசித்துப் பாருங்கள். கவனமும் பொறுமையும் உள்ள பிள்ளைக்கு அருமையான துறை.

சரி, வழி: உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களில் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானப் பட்டம் இருக்கிறது. இசட் புள்ளிப்படி, அதாவது உயர்தரப் பெறுபேற்றை வைத்துக் கணிக்கும் தரப்புள்ளிப்படி, எடுப்பார்கள். இரசாயனவியலை மட்டும் இப்போதே கவனமாகப் படியுங்கள். அப்புறம், வெள்ளவத்தையில் தெரிந்த ஆய்வுகூடம் இருந்தால் அம்மாவோடு போய், ஒருநாள் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள்.