தொகுதி, பகுதி, மாகாணி: பின்னம் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: நாலாவது படிக்கும் என் மகள் 1/4-ஐ விட 1/8 தான் பெரிசு என்று அடம்பிடிக்கிறாள். எப்படிப் புரியவைப்பது?

பதில்: அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது, இதுவரை பார்த்த கணக்கிலெல்லாம் 8 தானே 4-ஐ ஜெயித்திருக்கிறது! தொகுதி, பகுதி என்ற சொற்களையே பிடித்துக்கொள்ளுங்கள். கீழே இருப்பது பகுதி. பகு என்றால் பிரி, எத்தனையாகப் பிரித்தோம் என்பதைச் சொல்கிறது. மேலே இருப்பது தொகுதி. தொகு என்றால் சேர், அதில் எத்தனை துண்டைச் சேர்த்து எடுத்தோம் என்பது. ஒரே தோசையை நாலு பேர் பங்குபோட்டால் அதிகம் கிடைக்குமா, எட்டுப் பேர் போட்டால் கிடைக்குமா என்று கேளுங்கள். ராத்திரி பசியோடு இருக்கும்போது கேட்டால் பதில் சட்டென்று வரும்.

கேள்வி: 1/2-ம் 2/4-ம் சமம் என்று பையன் ஒப்பிக்கிறான், ஏன் என்றால் முழிக்கிறான்.

பதில்: நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, நெடுக்காகப் பாதியாய் மடித்துப் பிரித்து, ஒரு பாதியைப் பென்சிலால் தீட்டச் சொல்லுங்கள். அது 1/2. அதே தாளைக் குறுக்கே ஒருமுறை மடித்துப் பிரித்தால் நாலு கட்டம், தீட்டியது இரண்டு. குறுக்கே இரண்டு முறை மடித்தால் எட்டுக் கட்டம், தீட்டியது நாலு. தீட்டிய இடம் இம்மியும் நகரவில்லை (இம்மி என்பதே பழைய பின்னப் பெயர்தான்), மடிப்புக் கோடுதான் கூடியிருக்கிறது. துண்டுகளின் மொத்தம் எத்தனை மடங்கானதோ, எடுத்த துண்டும் அத்தனை மடங்காகிறது, மேலும் கீழும் ஒரே எண்ணால் பெருக்கச் சொல்வது இதனால்தான். ஆனால் கூட்டிவிடாதீர்கள். 1/2-க்கு மேலும் கீழும் 1 கூட்டினால் 2/3 வரும், அது அரையை விட அதிகம்.

கேள்வி: 6/8, 9/12 சமமா? 6-ஐ எதனால் பெருக்கினாலும் 9 வரவில்லையே.

பதில்: முழு எண்ணால் வராது. பெருக்குவதை விட்டு வகுத்துப் பாருங்கள். முதலாவதை 2-ஆல் வகுத்தால் 3/4, அடுத்ததை 3-ஆல் வகுத்தால் அதே 3/4. அவசரத்துக்குக் குறுக்குப் பெருக்கல்: 6 × 12, 8 × 9, இரண்டும் 72. சமம்தான்.

கேள்வி: 3/5 = ?/20

பதில்: 5 நாலு மடங்கானால் 20. அப்போ 3-ம் நாலு மடங்கு, 12.

கேள்வி: தாத்தா அரைக்கால், மாகாணி என்கிறார். பாடத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: உண்டு, எனக்குப் பிடித்த உதாரணமே இதுதான். காலில் பாதி அரைக்கால், 1/8. மா என்பது 1/20, காணி 1/80. இரண்டையும் சேர்த்தால் மாகாணி, பேரிலேயே கூட்டல் இருக்கிறது. 1/20-ஐ 4/80 ஆக்கி, ஒரு காணியைச் சேர்த்தால் 5/80. மேலும் கீழும் 5-ஆல் வகுங்கள், 1/16. இதையே வீசம் என்றும் சொல்வார்கள். ரூபாய்க்கு 16 அணா இருந்த காலத்தில் நாலணா என்றால் 4/16, கால் ரூபாய். 1957-ல் ரூபாய் 100 பைசாவாக மாறிய பிறகும் 25 பைசாவை நாலணா என்றுதான் சொன்னோம், 4/16-ம் 25/100-ம் ஒன்று என்று யாரும் பாடம் நடத்தவில்லை. அப்புறம், தாத்தாவிடம் முந்திரி எவ்வளவு என்று கேளுங்கள். காணியில் கால், 1/320 என்பார். பாயசத்தில் போடுவது வேறு.