இடி வாங்கிய வண்டியில் ஸ்டீயரிங் ஆட்டம்: கேள்வி பதில்

சத்துவாச்சாரியிலிருந்து: அண்ணா, முன் இடது சக்கரம் சென்டர் மீடியனில் மோதிவிட்டது. ரிம்மும் டயரும் மாத்தியாச்சு. இப்போ ஸ்டீயரிங் லூஸா இருக்கு. அலைன்மென்ட் பண்ணா போதுமா?

போதாது. அலைன்மென்ட் கோணத்தைத் திருத்தும், கழன்ற மூட்டை இறுக்காது. ஆட்டத்தோடு டோ (முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ பார்க்கும் கோணம்) செட் பண்ணினால் மெஷின் பச்சை காட்டும். காட்பாடி மேம்பாலம் ஏறி இறங்குவதற்குள் மாறிவிடும்.

முதலில் ஆட்டமா, இழுப்பா என்று பாருங்கள். நேரே போகும்போது ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறது, வண்டி ஒரு பக்கம் ஓடுகிறது என்றால் ஏதோ வளைந்திருக்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பியும் சக்கரம் அசையத் தாமதமானால்தான் ஆட்டம். சமதளத்தில் இன்ஜினை ஓடவிட்டு, ஸ்டீயரிங் விளிம்பில் டேப் ஒட்டி, இரண்டு பக்கமும் சக்கரம் அசையத் தொடங்கும் வரை எவ்வளவு நகர்கிறது என்று அளந்து பாருங்கள். பெரும்பாலான கார்களுக்கு 30 மி.மீ. வரை சரி.

குடியாத்தத்திலிருந்து: ஆட்டம் எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மெக்கானிக் ராக்கையே (ஸ்டீயரிங் திரும்புவதை இடவல அசைவாக்கும் பல் சட்டம்) மாத்தணும் என்கிறார்.

ராக் விலை உயர்ந்த சாமான். அதைக் கடைசியில் சந்தேகப்படுங்கள். சக்கரம் தரையில் இருக்க, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, வண்டியைப் பிட்டில் (அடியில் இறங்கிப் பார்க்கும் பள்ளம்) நிறுத்துங்கள். ஒருவர் ஸ்டீயரிங்கை இரண்டு விரல் அளவு இடதும் வலதுமாக ஆட்டிக்கொண்டே இருக்கட்டும். நீங்கள் மேலிருந்து கீழாக ஒவ்வொரு மூட்டிலும் கை வைத்துப் பாருங்கள். அசைவு எங்கே காணாமல் போகிறதோ அங்கேதான் கோளாறு.

பெடல் பக்கத்தில் இருக்கும் யுனிவர்சல் ஜாயின்ட்டில் மேல் பாதி திரும்பி கீழ்ப் பாதி நின்றால், கோளாறு அந்த ஜாயின்ட்டிலோ அதன் போல்ட்டிலோதான். ராக் மொத்தமாக இடவலமாக நகர்ந்தால் மவுன்டிங் போல்ட் அல்லது ரப்பர் புஷ். மோதலில் இது அடிக்கடி நடக்கும், பலர் பார்ப்பதே இல்லை. ராக் முனையில் இருக்கும் ரப்பர் உறையை (boot) அமுக்கிப் பிடிக்கும்போது உள்ளே டொக் டொக் என்று தட்டினால் ராக் எண்ட். டை ராட் (ராக்கையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பி) அசைந்தும் நக்கிள் (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) அசையாவிட்டால் டை ராட் எண்ட். இவை எல்லாம் இறுக்கமாக இருந்து, பினியன் (ராக்கை நகர்த்தும் சிறு பல் சக்கரம்) திரும்பியும் ராக் பார் நகரவில்லை என்றால்தான் ராக்.

ஆம்பூரிலிருந்து: ஜாக்கி போட்டு சக்கரத்தை ஆட்டிப் பார்த்தால் தெரியாதா?

தெரியும், ஸ்டாண்டு வைத்துவிட்டு செய்யுங்கள். கடிகாரத்தில் 3, 9 மணி இடங்களைப் பிடித்து ஆட்டி லூஸ் என்றால் டை ராட் பக்கம். 12, 6 மணியில் ஆடினால் லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு கீழே இணைக்கும் கை) பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட்.

வாலாஜாபேட்டையிலிருந்து: ராக் மேலே ஒரு நட்டை இறுக்கினால் லூஸ் போய்விடும் என்கிறார்கள்.

போகும். கூடவே ஸ்டீயரிங் கனத்துவிடும், வளைவு முடிந்ததும் தானாக நேருக்குத் திரும்பாது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவில் அப்படி ஒரு வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

பள்ளிகொண்டாவிலிருந்து: வண்டியை வேலூருக்கு மெதுவாக ஓட்டிக்கொண்டு போகலாமா? ஏர்பேக்கும் வெடித்திருக்கிறது.

கூடாது. டை ராட் எண்ட் கழன்றால் அந்தச் சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும், 20 கி.மீ. வேகத்திலும் கட்டுப்படுத்த முடியாது. டவ் வண்டியைக் கூப்பிடுங்கள். முன்பக்க மோதலில் ஸ்டீயரிங் காலமே (ஸ்டீயரிங்கைத் தாங்கும் தண்டு, column) மடிந்துகொள்ளும்படி செய்திருப்பார்கள். டில்ட் லீவர் பூட்டிய நிலையிலும் ஸ்டீயரிங் மேலும் கீழும் ஆடினால் காலம் மாற்ற வேண்டியதுதான், வெல்டிங் கிடையாது. இன்ஷூரன்ஸ் கிளைம் என்றால் சர்வேயர் பார்க்கும் முன் எதையும் பிரிக்காதீர்கள்.

ராணிப்பேட்டையிலிருந்து: வளைந்த டை ராடை சூடேற்றி நிமிர்த்தித் தருவதாக டிங்கர் சொல்கிறார்.

வேண்டாம், புதிது போடுங்கள். பழைய எண்ட்டைக் கழற்றும்போது எத்தனை சுற்று சுற்றினீர்கள் என்று எண்ணி, புதியதையும் அதே சுற்று ஏற்றினால் டோ கிட்டத்தட்ட வரும். டேப்பர் பின்னைத் துடைத்து உலர்வாக மாட்டுங்கள், எண்ணெய் தடவாதீர்கள். கேஸில் நட்டில் ஸ்பிளிட் பின் துளை சேரவில்லை என்றால் இன்னும் இறுக்கிச் சேர்க்க வேண்டும். தளர்த்திச் சேர்ப்பதுதான் பிறகு கழன்று விழும் வேலை. நைலான் நட் என்றால் பழையதைத் திரும்பப் போடாதீர்கள்.

லோயர் ஆர்ம் மாற்றினால் புஷ் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போது முழுசாக இறுக்க விடாதீர்கள். வண்டி தரையில் இறங்கி எடை ஏறிய பிறகு டார்க் ரெஞ்சில் இறுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும், ஆட்டம் திரும்ப வரும். அதற்கப்புறம்தான் அலைன்மென்ட். ரிப்போர்ட்டில் இரண்டு பக்க காஸ்டர் (பக்கத்திலிருந்து பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் காட்டினால் நக்கிள், லோயர் ஆர்ம், சப் ஃப்ரேம் (இவற்றைத் தாங்கும் அடிச்சட்டம்) மூன்றையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.