யுனைடெட் 15-வது, கெடாவுக்கு உரிமம் இல்லை: பருவ முடிவில் காற்பந்து கேள்வி பதில்

2024-25 பருவம் இது: நம் மலேசிய சூப்பர் லீக் 2025 ஏப்ரலில் முடிந்தது. இங்கிலாந்தின் பிரிமியர் லீக் மே 25-ல் முடிந்தது. ஆகஸ்ட் வரை பேசித்தானே பொழுதைக் கழிக்க வேண்டும்? கேள்வி அனுப்பச் சொன்னதும் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இருந்து நிறையவே வந்தன. திட்டுகளை மட்டும் எடுத்துவிட்டேன். முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: பிறந்தது ஜார்ஜ்டவுன், இருப்பது செந்தூல், அணி பினாங்கு. உள்ளூர் ஆட்டங்களில் விசில் பிடித்த பழக்கமும் உண்டு. பாரபட்சம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஸ்தாப்பாக்): அண்ணே, சின்ன வயதிலிருந்து நான் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகன். லீக்கில் 15-வது இடம். அது போதாதென்று புக்கிட் ஜாலிலுக்கு வந்து ஆசியான் அணியிடமும் தோற்றார்கள். டிக்கெட் வாங்கி நேரில் பார்த்தவன் நான். எங்கே தப்பு?

பதில்: தம்பி, முதலில் புக்கிட் ஜாலிலைத் தள்ளி வை. ஞாயிற்றுக்கிழமை மான்செஸ்டரில் ஆஸ்டன் வில்லாவோடு ஆடிவிட்டு, புதன் இரவு 72,550 பேர் முன்னால் நம் வெக்கையில் ஆடினார்கள். மியன்மாரின் மாவுங் மாவுங் லுவின் அடித்த ஒரே கோலில் தோற்றார்கள். பணம் சேர்க்க வந்த பயணம் அது. அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

லீக்தான் உண்மையைச் சொல்கிறது. 38 ஆட்டத்தில் 18 தோல்வி, 42 புள்ளி. பிரிமியர் லீக் 1992-ல் தொடங்கியதிலிருந்து அவர்கள் வாங்கிய மிகக் குறைந்த புள்ளி. மொத்தமே 44 கோல். முன்வரிசையில் ஹொய்லண்டுக்கு லீக்கில் நான்கு, சிர்க்ஸிக்கு மூன்று. இந்த எண்ணிக்கையோடு யார் பயிற்றுநராக இருந்தாலும் மேலே வர முடியாது.

அக்டோபர் கடைசியில் டென் ஹாக்கை அனுப்பினார்கள், நவம்பரில் அமோரிம் வந்தார். அவருடைய முறையில் பின்னால் மூன்று மையத் தடுப்பாட்டக்காரர்கள், ஓரத்தில் மேலும் கீழும் ஓடும் விங்பேக் இருவர். ஆனால் கையில் இருந்ததோ நால்வர் தடுப்புக்கும் விங்கர்களுக்குமாக வாங்கிய கூட்டம். பருவத்தின் நடுவில், வாரம் இரண்டு ஆட்டம் இருக்கும்போது, பயிற்சிக்கே நேரமில்லாமல் முறையை மாற்றினார். அவரை முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். பயிற்றுநரை நீக்குவதாக இருந்தால் முந்தைய கோடையிலேயே நீக்கியிருக்க வேண்டும். ஒப்பந்தத்தை நீட்டித்து, அவர் கேட்ட ஆட்டக்காரர்களையும் வாங்கிக் கொடுத்துவிட்டு, மூன்றே மாதத்தில் அனுப்பியது நிர்வாகத்தின் வேலை.

ஒரு ஆறுதல் சொல்லவா? பில்பாவோவில் நடந்த யூரோப்பா லீக் இறுதியாட்டத்தில் தோற்றதால் அடுத்த பருவம் அவர்களுக்கு ஐரோப்பியப் போட்டியே கிடையாது. வார நடுவில் ஓய்வு, பயிற்சிக்கு நேரம். 2015-16-ல் 10-வது வந்த செல்சி, ஐரோப்பா இல்லாமல் ஆடிய அடுத்த பருவமே பட்டம் வென்றது. யுனைடெட் வெல்லும் என்று நான் சொல்லவில்லை. 15-வது வராது என்று மட்டும் நம்பலாம்.

கேள்வி (கிள்ளான்): டோட்டன்ஹாம் ரசிகன் நான். 17-வது இடம், ஆனால் யூரோப்பா லீக் கிண்ணம் கையில். சிரிப்பதா அழுவதா?

பதில்: சிரியுங்கள். 2008-க்குப் பிறகு உங்களுக்குக் கிடைத்த முதல் கிண்ணம், அதுவும் யுனைடெட்டைத் தோற்கடித்து, கூடவே சாம்பியன்ஸ் லீக் இடம். 22 தோல்வி வாங்கியும் கீழே இறங்காததற்குக் காரணம், உங்களுக்கும் கீழே இருந்த மூன்று அணிகள் அவ்வளவு மோசம். 18-வது வந்த லெஸ்டருக்கு 25 புள்ளிதான், உங்களுக்கு 38. கிண்ணம் வாங்கித் தந்த போஸ்டகோக்லுவை ஜூன் 6-ம் தேதி வீட்டுக்கு அனுப்பினார்களே, அதற்கு வேண்டுமானால் அழலாம்.

கேள்வி (பாயான் லெப்பாஸ்): மூன்றாவது வருடமாக ஆர்சனல் இரண்டாமிடம். ஆபீஸில் தலை காட்ட முடியவில்லை. இன்னும் என்ன குறை?

பதில்: தோல்வி எண்ணிக்கையைப் பாருங்கள். பட்டம் வென்ற லிவர்பூலுக்கும் நான்கு தோல்வி, ஆர்சனலுக்கும் நான்குதான். வித்தியாசம் டிராவில்: அவர்கள் 9, நீங்கள் 14. அந்த ஐந்து ஆட்டத்தையும் வென்றிருந்தால் பத்துப் புள்ளி கூடியிருக்கும். லிவர்பூலின் 84-க்கு உங்களுக்கும் 84. நல்ல ஸ்டிரைக்கர் வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள், கேட்க வேண்டியவர்களுக்கு மட்டும் கேட்கவில்லை.

கேள்வி (பிரிக்ஃபீல்ட்ஸ்): கடைசி நாள் மட்டும் ஏன் பத்து ஆட்டமும் ஒரே நேரத்தில்? இரவு 11 மணிக்கு மாமாக் கடையில் எந்தத் திரையைப் பார்ப்பது என்றே தெரியவில்லை.

பதில்: அடுத்த அணியின் முடிவைத் தெரிந்துகொண்டு யாரும் கணக்குப் போட்டு ஆடக்கூடாது என்பதற்காக. 1982 உலகக் கிண்ணத்தில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் 1-0 போதும் என்று பந்தை உருட்டிக்கொண்டிருந்ததில் அல்ஜீரியா வெளியேறியது. அந்த அசிங்கத்துக்குப் பிறகு உலகக் கிண்ணத்தில் பிரிவின் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் வைக்கிறார்கள். லீக்குகளிலும் அதே நியாயம்தான்.

இந்த முறை அதற்குப் பலனும் இருந்தது. நியூகாசலும் வில்லாவும் 66 புள்ளியில் நின்றன. இரண்டும் கடைசி நாளில் தோற்றன. கோல் வித்தியாசத்தில் நியூகாசலுக்கு ஐந்தாமிடம், சாம்பியன்ஸ் லீக். வில்லாவின் ரோஜர்ஸ் பந்தை வலைக்குள் போடும் முன்பே நடுவர் விசில் ஊதிவிட்டதால் விஏஆர் என்ற வீடியோ மறுபரிசீலனைக்கும் வழியில்லாமல் போயிற்று. விசில் பிடித்தவனாகச் சொல்கிறேன்: சந்தேகம் இருந்தால் பந்து போய்ச் சேரும் வரை ஊதக்கூடாது.

கேள்வி (சுங்கைப் பட்டாணிக்காரர், வேலை பட்டர்வொர்த்தில்): எங்கள் கெடா அடுத்த பருவம் சூப்பர் லீக்கிலேயே இல்லை. கடைசி இடம் வந்து இறங்கியிருந்தால் கூட மனசு ஆறும். இது என்ன அநியாயம், அண்ணே?

பதில்: அநியாயம்தான், ஆனால் யார் செய்தது என்பதில்தான் நமக்குள் கருத்து வேறுபடும். 2006-07, 2007-08 இரண்டு பருவத்திலும் லீக், எஃப்ஏ கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றையும் அள்ளிய அணி உங்களுடையது. 2012-ல் அதே போல மூன்றையும் வென்ற கிளந்தான் 2023-ஓடு காணாமல் போனது. இப்போது கெடாவுக்கு உரிமம் மறுப்பு, பேராக்கும் ஸ்ரீ பகாங்கும் தாமாகவே விலகல். இந்தப் பருவத்தின் மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் ஆடிய ஸ்ரீ பகாங், அடுத்த பருவம் இல்லை! இங்கிலாந்துக்காரனிடம் சொன்னால் நம்ப மாட்டான்.

நம் நாட்டில் ஒரு அணி கீழே விழுவது இப்போது களத்தில் நடப்பதே இல்லை. 2022-ஓடு இரண்டாம் நிலையாக இருந்த மலேசிய பிரிமியர் லீக்கை நிறுத்திவிட்டார்கள். கடைசி இடம் வந்தாலும் இறங்க இடமில்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு வருடமும் கிளப் உரிமம் என்ற பரீட்சை. ஆசிய சம்மேளனத்தின் விதிப்படி விளையாட்டு, அரங்க வசதி, நிர்வாக ஆட்கள், சட்டம், நிதி என்று ஐந்து பகுதி. முதல்நிலைக் குழு பார்க்கும், மறுத்தால் மேல்முறையீடு. முதல் நான்கை எப்படியோ தேற்றிவிடுவார்கள். விழுவது நிதியில். அதிலும் பெரும்பாலும் ஒரே காரணம், சம்பள பாக்கி.

பாக்கி ஏன் விழுகிறது? இந்த அணிகள் நேற்று வரை மாநிலக் காற்பந்துச் சங்கங்கள். மாநில அரசு பணம் கொடுக்கும், மந்திரி பெசார் (மாநில முதல்வர்) தலைவராக இருப்பார், தேர்தல் வந்தால் இன்னும் கொஞ்சம் வரும். அப்புறம் தனியார் நிறுவனமாக மாறச் சொன்னார்கள். பெயர் மாறியது, கணக்குப் போடும் பழக்கம் மாறவில்லை. ஸ்பான்சர் வருவார் என்று நம்பி ஜனவரியிலேயே பெரிய சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடுவார்கள். ஸ்பான்சர் வர மாட்டார். டிக்கெட் வசூல் வெளிநாட்டு ஆட்டக்காரர் சம்பளத்துக்கே காணாது. இங்கிலாந்தில் வெறும் 12 புள்ளியோடு கடைசி இடம் வந்த சவுத்தாம்ப்டனுக்கே லீக்கிலிருந்து 10 கோடி பவுண்டுக்கு மேல் கிடைக்கிறது. இறங்கிய பிறகும் சில வருடத்துக்குக் கைத்தாங்கல் பணம் வரும். நம்மவர்களுக்கு அந்த மெத்தை இல்லை.

அதனால் உரிமக் குழுவைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. மாதக்கணக்கில் சம்பளம் வராமல் வீட்டு வாடகைக்குக் கடன் வாங்கிய ஆட்டக்காரன் பக்கமும் யாராவது நிற்க வேண்டும். எனக்குள்ள கோபமெல்லாம், இதே குழு மூன்று வருடத்துக்கு முன்பே இவ்வளவு கறாராக இருந்திருக்கலாமே என்பதுதான். பாக்கி சின்னதாக இருக்கும்போதே பிடித்திருந்தால் அணி பிழைத்திருக்கும்.

கேள்வி (செராஸ்): ஜேடிடிதான் (ஜொகூர் டாருல் தாக்ஸிம்) ஒவ்வொரு வருடமும் பட்டம் வெல்கிறது. பிறகு எதற்கு லீக்?

பதில்: 2014 முதல் 2024-25 வரை தொடர்ந்து 11 பட்டம். எரிச்சலாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் அவர்கள் பணத்தால் மட்டும் ஜெயிக்கவில்லை. 2013-ல் ஜொகூரின் அணிகளை ஒன்றாக்கினார்கள், சொந்தப் பயிற்சி மையம் கட்டினார்கள், 2020-ல் புது அரங்கம் திறந்தார்கள், இரண்டாவது அணியும் இளையோர் அணியும் தனியாக நடக்கின்றன. 2015-ல் ஏஎஃப்சி கிண்ணத்தை வென்ற முதல் தென்கிழக்காசிய கிளப் ஆனார்கள். சம்பளம் தேதி தவறாமல் வரும் என்றால் நல்ல உள்ளூர் ஆட்டக்காரன் வேறு எங்கே போவான்? மற்ற அணிகள் சரியாக இல்லாததால் இடைவெளி இரண்டு மடங்காகத் தெரிகிறது. அது ஜேடிடியின் குற்றமில்லை.

கேள்வி (ஷா ஆலம்): சிலாங்கூர் எப்போது?

பதில்: 33 மலேசியக் கிண்ணம், கடைசியாக 2015-ல். லீக் கடைசியாக 2010-ல். இந்த முறையும் இரண்டாமிடம். எஃப்ஏ கிண்ண இறுதியில் 6-1 என்று ஜேடிடியிடம் வாங்கியதைப் பேச வேண்டாம். ஆசிட் வீச்சுக்கு ஆளான உங்கள் ஆட்டக்காரர் ஃபைசால் ஹலிம் மறுபடி களத்துக்கு வந்ததே இந்தப் பருவத்தில் உங்களுக்குக் கிடைத்த பெரிய பரிசு. ஷா ஆலம் அரங்கம் கட்டி முடியும் வரை பெட்டாலிங் ஜெயாவில்தான் ஆட வேண்டும். கூட்டம் சின்னது, வருமானமும் சின்னது.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): நம் பினாங்குக்கு ஏதாவது நல்ல வார்த்தை சொல்லுங்களேன்.

பதில்: உரிமம் கிடைத்தது. இந்த வருடம் அதுவே நல்ல வார்த்தை. நாம் 1982, 1998, 2001 என்று லீக் வென்றவர்கள். 2021-ல் மேலே ஏறிய கையோடு மூன்றாமிடம் வந்தோம், 2022-ல் கடைசி இடம். அந்த வருடம் பார்த்து லீக்கைப் பெரிதாக்கியதால் தப்பினோம். நம்மிடம் ஜொகூர் அளவு பணம் இல்லை, இருப்பதாக நடிக்காமல் இருந்தாலே போதும். நடு வரிசையில் முடித்து, மாதம் சம்பளம் கொடுத்து, தீவிலிருந்து ஓரிரு பையன்களை மேலே கொண்டு வந்தால் நான் கைதட்டுவேன். மனசு சோர்ந்தால் 2016 பிப்ரவரியில் பகாங்குக்கு எதிராக ஃபைஸ் சுப்ரி அடித்த ஃப்ரீ கிக்கைப் போட்டுப் பாருங்கள். நம் சிட்டி ஸ்டேடியத்தில் வளைந்த அந்தப் பந்துதான் ஆண்டின் சிறந்த கோலுக்கான ஃபிஃபாவின் புஸ்காஸ் விருதை ஆசியாவுக்கு முதல்முறை கொண்டு வந்தது.

கேள்வி (செபராங் ஜெயா, ஒரு அம்மா): என் மகனுக்கு 14 வயது. நன்றாக ஆடுகிறான் என்று பள்ளி ஆசிரியர் சொல்கிறார். ஆனால் கிளப்புகள் மூடுவதைப் படித்தால் பயமாக இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு இதில் இடம் இருக்கிறதா?

பதில்: இடம் இருக்கிறது, அக்கா. 1972 மியூனிக் ஒலிம்பிக் அணிக்குத் தலைவர் எம். சந்திரன். கோல் காவலர் ஆர். ஆறுமுகத்தை நாடே 'ஸ்பைடர்மேன்' என்று கூப்பிட்டது. 2010-ல் தென்கிழக்காசியக் கிண்ணத்தை வென்ற பயிற்றுநர் கே. ராஜகோபால். மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தில் வேர் விட்ட அணி பிஜே சிட்டி என்ற பெயரில் 2019 முதல் 2022 வரை சூப்பர் லீக்கில் ஆடியது. கடைசி காலத்தில் பி. மணியம் பயிற்சியில் ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரர் கூட இல்லாமல் ஆடினார்கள். அது விலகியது நம் பையன்களுக்குப் பெரிய இழப்பு.

உங்கள் மகன் இப்போது பள்ளிகளுக்கிடையிலான போட்டியில் ஆடட்டும், மாவட்டத் தேர்வுக்கு அனுப்புங்கள், மாநில இளையோர் அணி அதற்குப் பிறகு. எஸ்பிஎம் (இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வு) முடிக்காமல் எந்த அணியும் வேண்டாம். நாளைக்கு ஒப்பந்தம் என்று ஒன்று வந்தால் வாய்ச்சொல்லை நம்பாதீர்கள்: சம்பளம், ஊழியர் சேமநிதி, காயம் பட்டால் மருத்துவச் செலவு மூன்றும் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆட்டக்காரர்களுக்கென்றே பிஎஃப்ஏஎம் என்ற சங்கம் இருக்கிறது, கையெழுத்துக்கு முன்னால் அவர்களிடம் காட்டலாம்.

கேள்வி (கெப்போங்): என் மகளுக்கு ஒன்பது வயது. டிவியில் லிவர்பூல் பார்க்கிறாள், உள்ளூர் ஆட்டம் பார்த்ததில்லை. முதல்முறை எங்கே கூட்டிப் போகலாம்?

பதில்: செராஸ், கேஎல் சிட்டி ஆட்டம். சம்பளப் பிரச்சினையில் புள்ளி வெட்டு வாங்கிய அணிதான், ஆனாலும் 2021-ல் ஜேடிடியை 2-0 என்று வென்று மலேசியக் கிண்ணம் தூக்கியவர்கள். எல்ஆர்டியில் பண்டார் துன் ரசாக் நிலையத்தில் இறங்குங்கள், கார் நிறுத்தும் தலைவலி இல்லை. டச் அண்ட் கோ பயண அட்டையில் முன்கூட்டியே பணம் போட்டுக்கொள்ளுங்கள், ஆட்டம் முடிந்ததும் இயந்திரத்தில் வரிசை நீளும். ஜேடிடி வரும் நாளைத் தவிர்த்துவிடுங்கள். முதல் ஆட்டத்திலேயே குழந்தைக்கு நாலு கோல் தோல்வியைக் காட்ட வேண்டாம்.