தோட்டத்திலிருந்து அமெச்சூர் ரேடியோவில் பேச உரிமம் எப்படி எடுப்பது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டத்தில் இருக்கிறீர்கள், ஆன்லைனில் வாக்கி டாக்கி வாங்கிவிட்டீர்கள், அமெச்சூர் ரேடியோவில், அதாவது பொழுதுபோக்கு வானொலித் தொடர்பில், பேசலாமா என்று கேட்கிறீர்கள். இப்போதைக்கு அந்தப் பட்டனை அழுத்தாதீர்கள். 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டப்படி அனுமதியில்லாமல் அலைபரப்புவது குற்றம்.

முதலில் எம்.சி.எம்.சி. (மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம்) நடத்தும் தேர்வு. விதிமுறைகளும் அடிப்படை மின்னியலும் வரும். 12 வோல்ட், 6 ஓம் என்றால் 2 ஆம்பியர் என்று சட்டென வருகிறதா? அப்படியானால் பயமில்லை. பி வகுப்பு உரிமத்துக்கு மோர்ஸ் (புள்ளி, கோடு ஒலிக்குறியீடு) தேவையில்லை.

பாஸானதும் சான்றிதழ் கிடைக்கும். அதோடு வேலை முடிந்ததென்று பலர் நினைத்துவிடுகிறார்கள். நிலைய அனுமதி தனி. 9டபிள்யூ2 என்று தொடங்கும் தீபகற்ப மலேசிய அழைப்புக் குறி, அதாவது வானொலியில் உங்கள் அடையாளப் பெயர், அதோடுதான் வரும். அந்த அனுமதிக்குக் காலக்கெடு உண்டு. முடியும் முன்பே புதுப்பியுங்கள். தேதியைக் கைப்பேசியில் குறித்து வைத்தால் நல்லது.

அப்புறம், செம்பனைக்கு நடுவே கைக்கருவி அதிகத் தூரம் எட்டாது. 2 மீட்டர் அலைவரிசைக்குக் கால் அலை ஆன்டெனா (அலைநீளத்தில் நான்கில் ஒரு பங்கு நீளம்) ஏறக்குறைய அரை மீட்டர்தான். அதைக் கூரைக்கு மேலே உயர்த்துங்கள். புது வாக்கி டாக்கி வாங்குவதைவிட இது மலிவு, என் கணக்கில் பலனும் அதிகம். இடிமழை வருவதற்கு முன்பே மட்டும் ஆன்டெனா கேபிளைக் கழற்றிவிடுங்கள்.