சோக் போட்டால்தான் எஞ்சின் சீராக ஓடுகிறதா? கவர்னரைத் தொடாதீர்கள்

கேள்வி: பேராவூரணி பக்கம் தென்னந்தோப்பு. தள்ளிக்கொண்டு போகிற புல் வெட்டும் மிஷின், நாலு ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின். ஐப்பசி மழைக்கு முன்னால் கொட்டகையில் வைத்தது, தை கடைசியில்தான் வெளியே எடுத்தேன். கயிற்றை இருபது தடவை இழுத்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது. சோக்கை எடுத்ததும் ரேஸ் தானாக ஏறி இறங்குகிறது. அடர்ந்த புல்லில் விட்டால் ஓரளவு சீராகிறது. கவர்னர் (எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: வேண்டாம். பழுது எங்கே இருக்கிறது என்பதற்கான இரண்டு தடயங்களை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சோக் போட்டால், அதாவது காற்றைக் குறைத்தால், சீராக ஓடுகிறது, பாரம் கொடுத்தாலும் சீராகிறது. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் கோளாறு அநேகமாகப் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில்தான், அதிலும் பாரமில்லாத ஓட்டத்துக்குப் பெட்ரோல் விடும் சிறு துளையான பைலட் ஜெட்டில். எஞ்சினுக்குப் பெட்ரோல் பற்றவில்லை.

பாரமில்லாமல் ஓடும்போது கார்புரேட்டரில் கலவையின் அளவைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில் தகடு ஏறக்குறைய மூடியே இருக்கும். அந்த நிலையில் பெரும்பாலும் பைலட் ஜெட் வழியாகத்தான் பெட்ரோல் போக வேண்டும். அது அடைத்திருந்தால் காற்று அதிகமாகி வேகம் விழும். வேகம் விழுந்ததைக் கண்டு கவர்னர் தகட்டைத் திறக்கும். உடனே பெரிய துளையான மெயின் ஜெட்டிலிருந்து பெட்ரோல் பாய்ந்து வேகம் எகிறும். எகிறியதும் கவர்னர் மூடும், மறுபடி பட்டினி. இந்த இழுபறிதான் உங்கள் காதில் ஏறி இறங்கும் சத்தமாகக் கேட்கிறது. அடர்ந்த புல்லில் தகடு திறந்தே இருப்பதால் மெயின் ஜெட் வேலையைப் பார்த்துக்கொள்கிறது. ஆக, கவர்னர் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. அதன் ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டினால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சுற்றும். இந்த எஞ்சின்களுக்கு நிமிடத்துக்கு 3,600 சுற்றை ஒட்டித்தான் உச்சவரம்பு. அதைத் தாண்டினால் கனெக்டிங் ராடு முறியலாம், பிளேடு சிதறிக் காலைப் பதம் பார்க்கலாம்.

முதலில் டேங்கில் இருக்கும் பெட்ரோலைப் பாருங்கள். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் டெல்டா கொட்டகைக்குள் இருக்கும் ஈரத்தைச் சொல்லவே வேண்டாம். கார்புரேட்டரின் அடியிலிருக்கும் கிண்ணத்தில் வடிகால் திருகு இருந்தால் அதைத் தளர்த்தி, வருவதை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். அடியில் தண்ணீர் தனிப் படலமாகவோ முத்து முத்தாகவோ உருண்டு நிற்கலாம். நிறம் டீ டிகாஷன் போல இருந்து வார்னிஷ் வாடை அடித்தால் பெட்ரோல் கெட்டுவிட்டது. டேங்க்கை முழுதாக வடித்துப் புதுப் பெட்ரோல் ஊற்றுங்கள். திருகைத் திறந்தும் ஒழுக்கு நின்று நின்று வந்தால் டேங்க் வடிகட்டியோ பெட்ரோல் டேப்போ அடைத்திருக்கிறது, அல்லது கிண்ணத்துக்குள் பெட்ரோலை விட்டு நிறுத்தும் மிதவையின் ஊசி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் கிண்ணத்தை லேசாகத் தட்டினால் ஒட்டிய ஊசி பல நேரம் விட்டுவிடும்.

அடுத்தது ஜெட். பிளக் வயரை உருவிவிட்டு, டேப்பை மூடிக்கொண்டு தொடங்குங்கள். கிண்ணத்தைப் பிடித்திருக்கும் போல்ட் பல மாடல்களில் 10 மி.மீ. ஸ்பானருக்கு வரும். கழற்றும்போது ரப்பர் வளையத்தைப் பத்திரப்படுத்துங்கள். ஊதிப்போனால் புதிதுதான் போட வேண்டும். நடுத்தண்டின் அடியில் இருப்பது மெயின் ஜெட். பைலட் ஜெட் பல கார்புரேட்டர்களில் ஐடில் ஸ்க்ரூவுக்கு அடியில், விரல்நுனி அளவு பிளாஸ்டிக் தலையோடு உட்கார்ந்திருக்கும். ஐடில் ஸ்க்ரூவைக் கழற்றுமுன் அது எத்தனை சுற்று உள்ளே இருக்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். ஜெட்டை எடுத்து ஆகாயத்தைப் பார்த்துக் கண்ணருகே பிடியுங்கள். துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. வட்டமான ஒளிப்புள்ளி தெரிந்தால் சுத்தம். புள்ளி மங்கலாகவோ பிறை வடிவிலோ தெரிந்தால் உள்ளே பிசின்.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். ஊக்கு, துடைப்பக் குச்சி, இரும்புக் கம்பி எதையும் விடாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் கலவை நிரந்தரமாகக் கெடும். கார்புரேட்டர் கிளீனர் அடித்துப் பத்து நிமிடம் ஊற விடுங்கள். பிறகு மின்வயருக்குள் இருக்கும் செம்பு இழையில் ஒன்றே ஒன்றை உருவி உள்ளே நுழைத்து எடுங்கள். பஞ்சர் கடையில் காற்று அடித்து வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது. ஜெட் உட்காரும் குழியிலும் அதன் பக்கத்துத் துவாரங்களிலும் கிளீனர் அடியுங்கள். ஜெட்டை மட்டும் துடைத்துப் போட்டால் ஒரு வாரத்தில் அதே கதைதான்.

மாட்டிய பிறகும் ஏறி இறங்கினால், கார்புரேட்டரும் எஞ்சினும் சேரும் இடத்திலுள்ள கேஸ்கெட்டில் காற்றுக் கசிவு இருக்கலாம். எஞ்சின் ஓடும்போது அந்த இணைப்பில் மட்டும் சோப்புத் தண்ணீரைச் சிறிது தெளியுங்கள். சத்தம் மாறினால் கேஸ்கெட்டை மாற்றுங்கள். சிலர் பெட்ரோலையோ கிளீனரையோ தெளித்துப் பார்ப்பார்கள். பக்கத்திலேயே கொதிக்கிற சைலன்சர் இருக்கிறது, அதைச் செய்யவே கூடாது. கசிவும் இல்லை, லேசான ஏற்ற இறக்கம் மட்டும் மிச்சம் என்றால் எத்தனாலும் காரணமாக இருக்கலாம். சிறு எஞ்சின்கள் பலவற்றின் கையேடு 10 சதவீத எத்தனால் வரைதான் அனுமதிக்கிறது. அதற்கு மேல் போனால் கலவை மெலியும். காற்று-பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸர் ஸ்க்ரூ இருக்கும் மாடலானால் கால் சுற்று வெளியே எடுத்துப் பாருங்கள்.

இருபது தடவை இழுக்க வேண்டியிருப்பதற்கும் இந்த அடைப்பே காரணமாக இருக்கக்கூடும். இருந்தாலும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். சோக் போட்டு ஐந்து தடவை இழுத்த பிறகும் முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் தீப்பொறியில் சந்தேகம். இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. வரை இருக்கட்டும். பொறியே இல்லையென்றால் பொறியை உண்டாக்கும் காயிலை வாங்க ஓடாதீர்கள், ஆஃப் சுவிட்சுக்குப் போகும் வயரை முதலில் கவனியுங்கள். மழைக்காலத்தில் கொட்டகையில் எலி கடித்து, தோல் உரிந்த வயர் பாடியில் உரசினாலும் பொறி நின்றுவிடும். ஆயில் சென்சார் உள்ள எஞ்சின் என்றால் ஆயில் குறைந்தாலும் ஸ்டார்ட் ஆகாது.

வைத்துவிடுவதற்கு முன் பிளேடு தென்னை அடிக்கட்டையிலோ புதைந்த கல்லிலோ மோதியதா? மோதியிருந்தால் ஃபிளைவீலைத் தண்டோடு பூட்டும் சாவி (சிறு உலோகத் துண்டு) பாதி வெட்டுப்பட்டு டைமிங், அதாவது பொறி விழும் நேரம், நகர்ந்திருக்கலாம். கயிறு கையைப் பிடுங்குவது போல் பின்னால் இழுக்கும், அதுதான் அடையாளம்.

பத்து நிமிடம் நன்றாக ஓடி நிற்கிற பழுது வேறு. டேங்க் மூடியின் காற்றுத் துளையில் குளவி மண் வைத்திருக்கும். மூடியைத் திறந்ததும் 'புஸ்' என்று காற்று உள்ளே போனால் அதுவேதான்.

பிளேடைப் பார்க்க மிஷினைச் சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் பக்கம் மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆயில் ஃபில்டருக்குள் இறங்கி, அதுவே ஸ்டார்ட் ஆகாத பழுதாகிவிடும்.

அடுத்த ஐப்பசிக்கு முன் டேங்க்கை வடித்துவிட்டு எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட்டுங்கள். பிளக் துளையில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, கயிற்றை இரண்டு தடவை மெதுவாக இழுத்துப் பிளக்கை மாட்டுங்கள். பிறகு மறுபடி மெல்ல இழுத்து, கயிறு இறுகும் இடத்தில் விட்டுவிடுங்கள். அந்த நிலையில் வால்வுகள் இரண்டும் மூடியிருக்கும், ஈரம் சிலிண்டருக்குள் போகாது. மண் தரையில் வைக்காமல் பலகை போட்டு அதன்மேல் நிறுத்துங்கள்.