பேத்திக்கு ரத்தம் குறைவு, பழி மருமகள் மேலா?

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் எங்கள் ஊர். பேத்திக்கு 14 மாதம். ஹீமோகுளோபின் 8.4 என்கிறார்கள். மகனும் மருமகளும் விடியும் முன்பே மல்லிகை பறிக்கப் போய்விடுவார்கள், பிள்ளை என்னிடம்தான். பசும்பால் நன்றாகக் குடிக்கிறாள். டீயில் பன் நனைத்துக் கொடுத்தாலும் சாப்பிடுகிறாள். மருமகளின் தாய்ப்பாலில் சத்தில்லை என்று வீட்டில் பேசுகிறார்கள். அது உண்மையா?

பதில்: இல்லை அம்மா. எந்தத் தாயின் பாலிலும் இரும்புச்சத்து கொஞ்சம்தான். வயிற்றில் இருந்தபோது சேர்த்துவைத்ததைக் கொண்டுதான் பிள்ளை முதல் ஆறு மாதத்தை ஓட்டுகிறது. தாய்க்கே ரத்தசோகை இருந்து, பிள்ளையும் எடை குறைவாகப் பிறந்தால் அந்த இருப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும். மாசமாக இருந்தபோது உங்கள் மருமகள் எத்தனை மாதம் வரை பூப்பறித்தார், அந்நேரம் என்ன சாப்பிட்டார் என்று வீட்டில் யாராவது கேட்டீர்களா? அவருக்கும் இப்போதே ரத்தம் பார்த்துவிடுங்கள்.

2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை இருந்தது. இத்தனை வீடுகளிலும் தாய் மேலேயா குறை?

உங்கள் வீட்டுக் காலைப் பொழுதைப் பாருங்கள். மொட்டு விரியும் முன் பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்ப வேண்டும், அதனால் பிள்ளை எழும்போது தாய் இல்லை. அழுகையை அடக்க டீயும் பன்னும். டீயில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பை உடம்பில் ஏறவிடாது, வயிற்றையும் அடைத்துவிடும். பாலும் கிட்டத்தட்ட அப்படித்தான். டீயை இன்றோடு நிறுத்துங்கள். பசும்பால் நாளைக்கு 400 மில்லிக்கு மேல் வேண்டாம். காலையில் அங்கன்வாடி சத்துமாவைக் கூழாக்கிக் கொடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் ஈரலும் சுவரொட்டியும் (ஆட்டு மண்ணீரல்) யார் தட்டுக்குப் போகின்றன? பெரும்பாலும் ஆண்களுக்கு. பிள்ளைக்குச் செரிக்காது என்று ரசம் சாதத்தோடு முடித்துவிடுகிறோம். ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்குச் செரிக்கும். காரம் போடும் முன் ஒரு துண்டைத் தனியாக எடுத்து, நன்றாக வேகவைத்து, சோற்றோடு மசித்து ஊட்டுங்கள். முருங்கைக்கீரையும் பருப்பும் கொடுக்கும்போது இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் இரும்பு நன்றாகச் சேரும். பீட்ரூட்டின் சிவப்பை நம்பிக் காசைச் செலவழிக்காதீர்கள்.

ஆனால் 8.4க்கு சாப்பாடு மட்டும் போதாது. கிராம செவிலியர் வாரம் இருமுறை 1 மில்லி கொடுக்கச் சொல்லும் இரும்புச்சத்து சிரப் ரத்தசோகை வராமல் தடுக்கத்தான். இப்போது எடைக்கு ஏற்ற தினசரி அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். மலம் கருப்பாகப் போனால் பயந்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள், அது இயல்பு. பாட்டிலைப் பிள்ளைக்கு எட்டாமல் வையுங்கள், அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து. குடற்பூச்சி மருந்து கொடுத்தாகிவிட்டதா என்றும் கேளுங்கள்.

ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம் பாருங்கள். மருந்தை ஒழுங்காகக் கொடுத்தும் ஏறவில்லை என்றால், தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் போல வேறு காரணம் இருக்கிறதா என்று மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் காட்டுங்கள்.